பாதிப் படியில் நிற்கும் நாற்காலி

முதியோருக்கும் மாற்றுத் திறனாளிகளுக்கும் வீட்டில் பொருத்தப்படும் சாதனங்கள் பழுதானால் விற்றவர்கள் கையை விரிக்கிறார்கள். சட்டம் வாங்கியவர் பக்கம் இருக்கிறது. நிரூபிக்கும் சுமையும் அவர் தலையில்தான் இருக்கிறது.

ஃபிரிட்ஜ் நின்றுபோனால் பால் திரிந்துபோகும். டெலிவிஷன் கெட்டுப்போனால் பக்கத்து வீட்டில் கிரிக்கெட் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் படிக்கட்டின் ஓரமாக ஊர்ந்து ஏறும் நாற்காலி, வியாபாரத்தில் ஸ்டேர்லிஃப்ட் என்று அழைக்கப்படுவது, பதினோராவது படியில் நின்றுவிட்டால், அதில் உட்கார்ந்திருக்கும் மூதாட்டியை இரண்டு பேர் தூக்கித்தான் இறக்க வேண்டும். அன்று முதல் அவரது உலகம் ஒரே அறை. டாக்டரிடம் போவது, கோயிலுக்குப் போவது, கூடத்தில் உட்கார்ந்து பேரன் பள்ளியிலிருந்து வருவதைப் பார்ப்பது எல்லாம் மெக்கானிக் எப்போது வருவார் என்பதைப் பொறுத்தது. மெக்கானிக்கோ உதிரி பாகத்துக்காகக் காத்திருக்கிறார். பாகம் கப்பலில் இருக்கிறது.

இந்தச் சாதனங்களின் சந்தை இந்தியாவில் அதிக ஓசையின்றி வளர்ந்திருக்கிறது. பெங்களூரிலும் புனேயிலும் ஹைதராபாத்திலும் கோவையிலும் மாடி வைத்துத் தனி வீடு கட்டியவர்கள் நாற்பது வயதில் படிக்கட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. இப்போது முழங்கால் ஒத்துழைக்க மறுக்கிறது. பிள்ளைகள் நியூ ஜெர்சியிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறார்கள். அவர்களால் பணம் அனுப்ப முடியும், அம்மாவைத் தூக்கி இறக்க முடியாது. ஆக, வீட்டு லிஃப்ட், படியேறும் நாற்காலி, மோட்டார் சக்கர நாற்காலி, தலைமாட்டை உயர்த்தும் மின்கட்டில், படுக்கைப்புண் வராமல் தடுக்கும் காற்று மெத்தை, குளியலறைக் கைப்பிடி என்று ஒவ்வொன்றாக வீட்டுக்குள் வருகின்றன.

விற்பனை பெரும்பாலும் கடையில் நடப்பதில்லை. பிரதிநிதி வீட்டுக்கே வருகிறார். படிகளை அளக்கிறார், கைபேசியில் ஒரு வீடியோ காட்டுகிறார். ஆர்டர் கொடுக்கும்போதே பெரும்பகுதிப் பணத்தைக் கட்டிவிட வேண்டும். தயாரித்தவர் வெளிநாட்டில், இறக்குமதி செய்தவர் வேறொரு மாநிலத்தில், சுவரில் துளை போட்டவர் உள்ளூர் ஒப்பந்தக்காரர். பழுதானதும் மூவரும் ஒருவரை ஒருவர் கைகாட்டுவதில் காட்டும் ஒற்றுமை வியக்கத்தக்கது.

சண்டை எப்படி ஆரம்பிக்கிறது என்பதற்கு பேட்டரி நல்ல உதாரணம். பல ஸ்டேர்லிஃப்டுகள் நேரடியாக மின்சாரத்தில் ஓடுவதில்லை. மின்வெட்டிலும் இயங்க வேண்டும் என்பதற்காக இருக்கைக்கு அடியில் பேட்டரிகளை வைத்திருக்கிறார்கள். தண்டவாளத்தின் முனைகளில் உள்ள தகடுகளில் நாற்காலி வந்து நின்றால்தான் அவை சார்ஜ் ஆகும். பொருத்தியவர் தகட்டைச் சற்றே தள்ளி வைத்துவிட்டால் தொடர்பு கிடைக்காது. முதல் சில நாட்கள் நாற்காலி அழகாக ஓடும், பிறகு வழியில் நிற்கும். மெக்கானிக் வந்து புது பேட்டரி போட்டுவிட்டுப் போவார். மறுபடி சில நாட்கள் ஓடும். மூன்றாவது முறை போன் செய்யும்போது, வாரண்டி இயந்திரத்துக்குத்தான், பேட்டரிக்கு இல்லை என்பார்கள். இல்லாவிட்டால் "உங்கள் வீட்டு வோல்டேஜ் சரியில்லை" என்பார்கள். பழுது பேட்டரியிலா, பொருத்தியதிலா, வயரிங்கிலா? வழக்கு முழுவதும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் நடக்கும்.

வாங்கியவர் மட்டும்தானா?

1986ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் போய், 2019ம் ஆண்டின் சட்டம் 2020 ஜூலையில் அமலுக்கு வந்தது. மன்றங்கள் ஆணையங்களாகப் பெயர் மாறின. பெயர் மாற்றத்தை விட முக்கியமான சில விஷயங்கள் இந்தச் சட்டத்தில் இருக்கின்றன. அவை இந்த வகை வழக்குகளுக்கென்றே எழுதப்பட்டவை போலப் பொருந்துகின்றன.

முதலாவது, பணம் கொடுத்தவர் மட்டுமே நுகர்வோர் அல்ல. வாங்கியவரின் சம்மதத்துடன் பொருளைப் பயன்படுத்துபவரும் நுகர்வோர்தான். இது பழைய சட்டத்திலும் இருந்தது. மகன் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பியிருக்கலாம், பில் அவர் பெயரில் இருக்கலாம். மாடியில் சிக்கிக்கொண்ட தாய் தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். வாடகைக்கு எடுத்த கட்டிலும் சக்கர நாற்காலியும் கூட விலக்கல்ல. அவை சேவை என்ற கணக்கில் வரும்.

இரண்டாவது, இடம். முன்பு எதிர்த்தரப்பின் அலுவலகம் அல்லது கிளை இருக்கும் ஊரிலோ, வழக்குக்குக் காரணமான சம்பவம் நடந்த ஊரிலோதான் புகார் கொடுக்க முடியும். அது எந்த ஊர் என்று வாதாடியே மாதங்கள் கழியும். இப்போது புகார்தாரர் வசிக்கும் ஊரிலேயே தாக்கல் செய்யலாம். டெல்லிக் கம்பெனியின் மீது திருநெல்வேலியில் வழக்கு நடக்கும். நேரில் வர முடியாதவர் வீடியோ மூலம் விசாரிக்கும்படி கேட்டு மனுக் கொடுக்கவும் சட்டம் இடம் தருகிறது. மாடியிலிருந்தே இறங்க முடியாத ஒருவரை ஆணையத்தின் படியேறி வரச் சொல்வதில் உள்ள அபத்தம் ஒருவழியாகச் சட்டத்துக்குப் புரிந்திருக்கிறது. 2025 ஜனவரியில் தொடங்கிய இ-ஜாக்ரிதி தளத்தின் மூலம் வீட்டிலிருந்தே தாக்கல் செய்ய முடிகிறது.

மூன்றாவது, கட்டணம். கொடுத்த விலை ரூ 5 லட்சத்துக்குள் இருந்தால் தாக்கல் கட்டணமே கிடையாது. ரூ 10 லட்சம் வரை ரூ 200, ரூ 20 லட்சம் வரை ரூ 400. ரூ 50 லட்சம் வரை மாவட்ட ஆணையமே விசாரிக்கும். கேட்கும் நஷ்ட ஈடு எவ்வளவு என்பதை வைத்து அல்ல, பொருளுக்குக் கொடுத்த விலையை வைத்தே எந்த ஆணையம் என்பது முடிவாகும். இது செல்லாது என்று தொடரப்பட்ட வழக்கில் சட்டம் சரியே என்று சுப்ரீம் கோர்ட் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. பெரிய இழப்பைச் சந்தித்த வீட்டு லிஃப்ட் வாடிக்கையாளர்களுக்கு இது ஒரு விதத்தில் நல்லதே. பெரிய தொகை கேட்டதற்காக மாநிலத் தலைநகருக்கு அலைய வேண்டியதில்லை.

வக்கீல் வைத்துக்கொள்வது கட்டாயம் இல்லை. ஆனால் எதிர்த்தரப்பு வக்கீலுடன் வரும். மாற்றுத் திறனாளிகளுக்கும் பெண்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் சொல்கிறது. மாவட்ட கோர்ட் வளாகத்திலேயே இதற்கு அலுவலகம் இருக்கிறது. அந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை.

பில்லின் பின்பக்கம்

பொடி எழுத்தில் அச்சிட்ட நிபந்தனைகளைக் காட்டித்தான் பெரும்பாலான வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். "தகராறு எழுந்தால் மத்தியஸ்தர் முடிவே இறுதியானது" என்பது அதில் ஒன்று. மத்தியஸ்த நிபந்தனை இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தின் கதவு மூடிவிடாது என்று ஒரு கட்டுமான நிறுவனம் தொடர்பான வழக்கில் 2018 டிசம்பரில் சுப்ரீம் கோர்ட் தெளிவாக்கிவிட்டது.

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்பது இன்னொன்று. குறைபாடுள்ள பொருளை பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள், காலம் எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற மறுப்பது முறையற்ற வாணிபம் என்று 2019ம் ஆண்டின் சட்டம் சொல்கிறது. பில் தர மறுப்பதும் அப்படியே. இங்கே விற்பவர்கள் ஒரு நியாயத்தைச் சொல்கிறார்கள்: வளைந்த படிக்கட்டுக்காக வளைத்த தண்டவாளம் வேறு எந்த வீட்டுக்கும் பொருந்தாது, எடுத்துக்கொண்டு போனால் பழைய இரும்புதான். உண்மைதான். மனம் மாறிய வாடிக்கையாளரிடம் இதைச் சொன்னால் எடுபடும். அளவே தவறாக எடுத்து, முழங்கால் சுவரில் இடிக்கும்படி பொருத்தியவர் இதைச் சொன்னால், அது அவருக்கு எதிரான சாட்சியமாகவே முடியும்.

தயாரித்தவர் வெளிநாட்டில் இருக்கிறார் என்ற பதிலுக்கும் சட்டத்தில் மருந்து உண்டு. புதிதாகச் சேர்க்கப்பட்ட பொருள் பொறுப்பு அத்தியாயத்தின்படி, தயாரிப்பாளருக்கு நோட்டீஸ் சேர்க்க முடியாவிட்டாலோ, அவர் இந்தியச் சட்டத்துக்கு உட்படாதவராக இருந்தாலோ விற்றவரே பொறுப்பு. ஆனால் இது பொருளால் விளைந்த தீங்குக்கு, அதாவது நாற்காலி சரிந்து இடுப்பெலும்பு முறிந்தால், கேட்கும் நஷ்ட ஈடு. பொருளே கெட்டுப்போனதற்கான பணத்தைப் பழைய வழியில், குறைபாடுள்ள பொருள் என்றும் சேவைக் குறைபாடு என்றும் இரண்டையும் எழுதியே கேட்க வேண்டும். ஒன்றை விட்டால் எதிர்த்தரப்பு அந்த ஓட்டை வழியாக வெளியேறிவிடும்: பொருள் நல்லது, பொருத்தியது எங்கள் வேலை அல்ல.

யார் நிரூபிப்பது?

சட்டம் தாராளமாக இருக்கும் இடங்கள் இவை. அது கறாராக இருக்கும் இடம் சாட்சியம். சேவையில் குறைபாடு இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு புகார்தாரருடையதே என்று 2021 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட் மறுபடி சொன்னது. நாற்காலி அடிக்கடி நின்றது என்று பிரமாண வாக்குமூலத்தில் எழுதினால் போதாது.

காருக்கும் டெலிவிஷனுக்கும் பரிசோதனை சுலபம். பொருளைச் சோதனைக் கூடத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு, அறிக்கைக்குக் காலக்கெடு 45 நாட்கள். ஆனால் படிக்கட்டில் போல்ட் போட்டு முடுக்கிய தண்டவாளத்தை எந்தக் கூடத்துக்கு அனுப்புவது? கழற்றினால் பொருத்தியதில் இருந்த தவறே மறைந்துவிடும். ஆகவே ஒரு பொறியாளரை வீட்டுக்கு அனுப்பிப் பார்வையிடச் செய்யும்படி ஆரம்பத்திலேயே மனுக் கொடுக்க வேண்டும். அதுவரை உள்ளூர் எலக்ட்ரீஷியன் அதில் கை வைக்கக் கூடாது. இதுதான் பல குடும்பங்கள் தடுக்கி விழும் இடம். மாடியில் தவிக்கும் தாயைப் பார்த்துக்கொண்டு எத்தனை நாள் சும்மா இருப்பது? தெரிந்த பையன் வந்து மூடியைத் திறக்கிறான். பொருளில் மாற்றம் செய்யப்பட்டது, தவறாகக் கையாளப்பட்டது என்பது விற்பவருக்குச் சட்டமே தரும் தற்காப்பு.

இதற்கு வழி இடைக்கால உத்தரவு. வழக்கு முடியும் வரை காத்திராமல், சாதனத்தை உடனே இயங்க வைக்கும்படியோ மாற்று ஏற்பாடு செய்யும்படியோ உத்தரவிட ஆணையத்தால் முடியும். முதல் புகாருடனேயே இதற்கும் மனு இணைக்கலாம். டாக்டரிடம் ஒரு சான்றிதழ் வாங்கி, படியேற இயலாதவர் என்பதைக் காட்டினால் மனுவுக்குப் பலம் கூடும். கேட்காவிட்டால் யாரும் தானாகக் கொடுப்பதில்லை.

வீட்டு லிஃப்ட் வாங்கியவர்களுக்குக் கூடுதலாக ஒரு துருப்புச் சீட்டு. மகாராஷ்டிரம், தமிழ்நாடு, கர்நாடகம், கேரளம் உள்படப் பல மாநிலங்களில் லிஃப்ட் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசம் 2024ல்தான் இயற்றியது. எங்கெல்லாம் அரசு ஆய்வாளரின் அனுமதி தேவையோ, அங்கெல்லாம் அந்தக் கோப்பு ஒரு சுயேச்சையான சாட்சி. அனுமதி வாங்கித் தருவதாகச் சொல்லிவிட்டு வாங்காமலே லிஃப்டை இயக்கிக் காட்டிவிட்டுப் போயிருந்தால், அதுவே சேவைக் குறைபாடு என்று வாதாடலாம். படியேறும் நாற்காலிக்கு இந்தப் பலன் கிடைப்பது சந்தேகம். 1939ம் ஆண்டின் பம்பாய் சட்டம் முதல் இந்தச் சட்டங்களின் மனத்தில் இருந்தது நேர் செங்குத்தாகப் போகும் பெட்டி. சாய்வாக ஊர்ந்து போகும் நாற்காலியை அன்று யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

சாய்தளம் என்றால் சோதனைக் கூடம் தேவையில்லை, ஒரு அளவு நாடா போதும். மத்திய அரசின் 2021ம் ஆண்டு வழிகாட்டி நெறிகளின்படி சரிவு 1க்கு 12. வாசலில் மூன்று படி, 45 செ.மீ. உயரம் என்றால் சாய்தளம் 5.4 மீட்டர் நீளம் வேண்டும். இரண்டு மீட்டரில் கட்டிக்கொடுத்துவிட்டுப் போன ஒப்பந்தக்காரர் கட்டியது சறுக்கு மரம். போட்டோவும் அளவும் இருந்தால் அந்த வழக்கில் அதிகம் பேசத் தேவையில்லை.

மாற்றித் தரச் சொல்லி எல்லோரும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் கிடைப்பதில்லை. ஒரு மாருதி கார் வழக்கில் 2006ல் சுப்ரீம் கோர்ட், வாரண்டியின்படி பழுதான பாகத்தை மாற்றித் தருவதே நிறுவனத்தின் பொறுப்பு, முழு வாகனத்தையும் மாற்றச் சொன்னது சரியல்ல என்றது. விற்பவர்களின் வக்கீல்கள் அடிக்கடி நீட்டும் தீர்ப்பு இது. ஆகவே ஒவ்வொரு முறையும் எந்த பாகம் மாற்றப்பட்டது, அதன் பிறகும் எத்தனை நாளில் நின்றது என்று தேதிவாரியாகக் காட்டினால்தான் கோளாறு பாகத்தில் அல்ல, சாதனத்திலேயே என்ற வாதம் நிற்கும். மெக்கானிக் கையெழுத்திட்ட சர்வீஸ் சீட்டுகள் இங்கே பொன் போன்றவை. "சரி செய்யப்பட்டது" என்று மட்டும் எழுதிக் கையெழுத்து கேட்டால், என்ன பழுது என்றும் எழுதச் சொல்ல வேண்டும்.

இன்னொரு பொறி காலக்கெடு. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள். "பார்க்கிறோம் சார்" என்று வாட்ஸ்அப்பில் வரும் பதில்கள் அந்தக் கடிகாரத்தை நிறுத்துவதில்லை. தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு என்றாலும், மன்னிப்பை நம்பி உட்கார்ந்திருப்பது புத்திசாலித்தனம் அல்ல. முதலில் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவது நல்லது. செலவில்லை, சில நிறுவனங்கள் அதிலேயே இறங்கி வருகின்றன. இறங்கி வராவிட்டால் அந்தப் பதிவு எண் ஒரு சாட்சியமாகிறது. இணையத்தில் வாங்கியிருந்தால், 2020ம் ஆண்டு விதிகளின்படி அந்த நிறுவனத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகார் கிடைத்ததை ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும்.

இத்தனை கதவுகளும் மூடியிருக்கும் ஒரு கூட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில், கான்பூரில் உள்ள அலிம்கோ போன்ற நிறுவனங்களின் சக்கர நாற்காலிகளையும் மூன்று சக்கர வண்டிகளையும் முகாம்களில் இலவசமாகப் பெறுபவர்கள். விலை கொடுக்காதவர் நுகர்வோர் அல்ல. முகாமில் மாலை மரியாதையுடன் கொடுத்த வண்டியின் அச்சு மூன்றாம் மாதம் முறிந்தாலும் நுகர்வோர் ஆணையத்தில் போய் நிற்க முடியாது. 2016ம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தலைமை ஆணையரிடமோ மாநில ஆணையரிடமோ முறையிடலாம். அவர் தருவது பரிந்துரை. அதன் மேல் என்ன செய்தோம் என்று சம்பந்தப்பட்ட அதிகாரி மூன்று மாதத்தில் தெரிவிக்க வேண்டும். தொகையில் ஒரு பங்கைப் பயனாளியே செலுத்தியிருந்தால் நுகர்வோர் என்று வாதாட இடம் இருக்கிறது, ரசீது இருந்தால்.

2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமை என்ற பெயரில் ஒரு தளத்தைத் தொடங்கியபோது விவசாயக் கருவிகள், கைபேசி மற்றும் மின்னணுச் சாதனங்கள், வீட்டு உபயோகப் பொருட்கள், வாகனங்கள் என்று நான்கு துறைகளைத் தேர்ந்தெடுத்தது. உதிரி பாகம் கிடைக்காமல் மனிதர்களே முடங்கிப்போகும் இந்தத் துறை பட்டியலில் தனியாக இடம் பெறவில்லை.

பிறகு தாமதம். பரிசோதனை தேவைப்படாத வழக்கை மூன்று மாதத்தில், தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். எதிர்த்தரப்பு பதிலளிக்க 30 நாள், அதிகபட்சம் இன்னும் 15 நாள், அதற்கு மேல் ஒரு நாளும் கூடாது என்று 2020 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டின் அரசியல் சாசன பெஞ்ச் சொல்லிவிட்டது. ஆனால் விசாரிக்க ஆள் வேண்டுமே. தலைவர், உறுப்பினர் பதவிகள் காலியாகவே கிடந்ததால், 2021ல் சுப்ரீம் கோர்ட் தானாகவே அதை வழக்காக எடுத்துக்கொள்ள நேர்ந்தது. தீர்ப்பு வந்தாலும் மேல்முறையீடு உண்டு. தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் எதிர்த்தரப்பு மாநில ஆணையத்துக்குப் போக முடியும் என்பது ஒரு ஆறுதல். உத்தரவை மதிக்காதவருக்கு ஒரு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை என்ற பிரிவு இன்னொன்று. காசோலை பல நேரங்களில் இந்தப் பிரிவைக் காட்டிய பிறகுதான் எழுதப்படுகிறது.

இந்த வழக்குகளில் புகார்தாரர்கள் பெரும்பாலும் வயதானவர்கள், நோயாளிகள். தீர்ப்பு வரும்போது அவர்கள் இல்லாமல் போகலாம். அப்போது வாரிசுகள் வழக்கைத் தொடரலாம் என்று சட்டம் சொல்கிறது. பணத்தைத் திருப்பிக் கொடுக்கும்படி வரும் உத்தரவுகளில், சாதனத்தைப் புகார்தாரர் திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்ற வரியும் வழக்கமாகச் சேர்ந்தே வரும். படிக்கட்டின் கிரானைட்டில் துளையிட்டு இறுக்கிய தண்டவாளத்தை யார் கழற்றுவது, துளைகளை யார் அடைப்பது என்று அதில் பெரும்பாலும் இருக்காது. விவரம் தெரிந்த வக்கீல்கள் புகாரின் கோரிக்கைப் பகுதியிலேயே அதையும் எதிர்த்தரப்பின் செலவில் என்று எழுதிவிடுகிறார்கள்.